எடுத்து வை

படிவத்தின் ஏழாம் பத்தி கேட்கிறது:
இவ்வாய்வால் சமூகத்துக்கு விளைந்த பயன்
(ஐம்பது சொற்களுக்குள்).

இருபத்தாறு வருட வேலை.
ஜெர்மன் கருத்துமுதல்வாதம், அதை ரஷ்யர்கள்
வாங்கி விழுங்கிப் பாதியைத் துப்பிய விதம்.
நாற்பத்தொரு கட்டுரை. அவற்றில் ஒன்றை
யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்,
என்னை ஆணாக்கி.

மதுரையில் மின்விசிறிக்குக் கீழே
பயன் எதுவும் தோன்றாததால்
படிவத்தோடு பாம்பன் வந்தேன்,
சின்னப்பாலத்தில் அக்காள் வீட்டுக்கு.

இங்கே கடல் இரண்டு.
கச்சான் வீசினால் தெற்கு எழும்; வடக்கு
தாம்பாளத்துத் தண்ணீராய்க் கிடக்கும்.
வாடை தொடங்கினால் எல்லாம் மாறும்.
படகுகள் பாலத்துக்கு அடியில் நுழைந்து
அடங்கிய பக்கம் போய்ச் சேரும்.
வேலைக்கான நேர்காணலில் ஒருவர் கேட்டார்:
ராமநாதபுரத்துக்காரிக்கு எதற்கம்மா
இரண்டு அந்நியத் தத்துவம்?
காற்றைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.
ஒப்பீட்டு முறையியல் என்றேன்.
வேலை கிடைத்தது.

ஒரு ஜெர்மன் சொல் உண்டு.
தூக்குதல் என்று பொருள். ஒழித்தல் என்றும்.
பத்திரப்படுத்தல் என்றும்.
மூன்றும் ஒரே மூச்சில்.
பழைய எண்ணம் புதிய எண்ணத்துக்குள்
அப்படித்தான் போகிறதாம், செத்தும் சாகாமலும்.
தமிழாக்க 'விலக்கியேற்பு' என்றொன்றைச் செய்தேன்.
நெறியாளர் சிரித்தார்.
'மேனிலைப்பேணல்' என்றேன்.
சிரிக்கவும் இல்லை.
கடைசியில் ஒலியை மட்டும் தமிழ் எழுத்தில் போட்டுச்
சாய்த்து விட்டேன்: ஔஃப்ஹேபுங்.
அச்சகத்தில் அந்த 'ஔ' மட்டும்
தேயாமல் புதிதாக இருந்தது.

நேற்று அக்காள் பாசி எடுத்து வந்தாள்.
விரல்களில் துணி சுற்றி, செருப்பைக் காலோடு கட்டி,
கண்ணாடி மாட்டி, நெஞ்சளவு நீரில்
மூழ்கி மூழ்கி எடுத்தது.
கரையில் கொட்டிக் கல்லையும் சிப்பியையும்
பொறுக்கி எறிந்தபடி மகளிடம் சொன்னாள்:
ஜெசிந்தா, அந்தச் சாக்கை எடுத்து வை.

எடுத்து. வை.
தூக்கு. அங்கே இல்லாமல் ஆக்கு.
பத்திரமாய் இருக்கட்டும்.
குடத்தோடு நின்றுவிட்டேன்.
யேனாவில் ஒரு குளிர்காலம்,
அகராதிகளுக்காக விற்ற வளையல் இரண்டு,
சாய்வெழுத்தில் இருபத்தாறு வருடம்.
என்னடி, முள்ளு ஏறிருச்சா, என்றாள் அக்காள்.

இரவு ஆய்வேட்டைப் பிரித்துப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.
பக்கம் நூற்றுப் பதினான்கு: பொருந்தியது.
நூற்று முப்பத்தெட்டு: கச்சிதம்.
நூற்று எழுபதில் ஒரு வேற்றுமை உருபு முரண்டியது,
பிறகு வழிக்கு வந்தது.

இருநூற்று மூன்றில் ரஷ்யர்கள் வருகிறார்கள்.
அவர்கள் ஆட்சேபம் எளிது.
வரலாறு எதையும் இழப்பதில்லை,
மேலான ஒன்றுக்குள் சேர்த்துக்கொள்கிறது என்கிறீர்கள்.
நல்லது. வழியில் அமிழ்ந்தவன் எங்கே?
பேர் சொல்லிக் கணக்குக் கொடுங்கள்.
இதை நான் 'தனிமனிதவாத விமர்சனம்' என்று
அடிக்குறிப்போடு எழுதியிருந்தேன்,
பத்து மதிப்பெண் விடையைப் போல.

தொம்மை மச்சான் ஓர் ஐப்பசியில் போனவர்.
வள்ளம் கவிழ்ந்து அரிச்சல்முனைப் பக்கம் ஒதுங்கியது.
வலை கிடைத்தது. டார்ச் கிடைத்தது, எரிந்தது.
அக்காள் அதற்கு ஒரே வினைதான் சொல்வாள்:
கடல் எடுத்துருச்சு.
'வை' நிற்க அதில் இடம் இல்லை.

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வேரா லித்வீனவா
முன்பொருமுறை எழுதியிருந்தாள்:
நீ ஜெர்மானியர்களை நேசிக்கிறாய்,
எங்களோடு உடன்படுகிறாய்.
இது ஒரு நோய். எங்களுக்கும் உண்டு.

இருநூற்று மூன்றில் பின்பாதியை அடித்தேன்.
'எடுத்து' மட்டும் நின்றது.
இலக்கணத்தில் அதற்குப் பெயர் எச்சம்.

ஏழாம் பத்தி காலியாகவே இருக்கிறது.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
எடை எழுதத் தாள் இருக்கா சித்தி,
என்று ஜெசிந்தா வந்தாள். வியாபாரி வண்டி
தெருமுனையில் ஒலி எழுப்பியது.
படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
பின்பக்கத்தில் எழுதினாள்:
பதினெட்டு கிலோ.
ஈரத்தோடு.